இரைச்சலுக்கு வரும் சிப்பிகள்

பதிவு 1
3 மார்ச் 2068, காலை 7.10
பாம்பனுக்குத் தெற்கே கடலடிக் கூடு. ஆழம் ஒன்பது பாகம், ஐம்பது அடிக்குக் கொஞ்சம் மேல்.

என் தம்பி தஸ்நேவிஸ் போன வருஷம் தை மாதம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் செத்துப்போனான். சங்கு குளித்துவிட்டு மேலே ஏறி வந்தவன் தலையில் ஆழிச்சக்தி நிறுவனத்தின் ரோந்துப் படகு ஏறியது. இளவயதிலிருந்தே மூழ்குகிறவன். படகு வரும் சத்தம் கேட்டால் அடியிலேயே நின்று, அது கடந்த பிறகுதான் ஏறுவான். அன்றைக்கு அவனுக்குக் கேட்கவில்லை. கடலுக்குள் நாற்பது காத்தாடி ஓடிக்கொண்டிருந்தது. கடல் ஏறி இறங்கும் ஓட்டத்தில் மின்சாரம் எடுக்கிற இயந்திரம். நிறுவனத்தார் சுழலி என்பார்கள். எங்கள் ஆட்களுக்குக் காத்தாடி.

விசாரணையில் நிறுவனத்தின் தொழில்நுட்ப இயக்குநர் சத்தியசீலன் சத்தியம் செய்து சொன்னார்: இரைச்சல் வரம்புக்குள்தான் இருக்கிறது, காது நன்றாக உள்ள எவருக்கும் தண்ணீருக்குள் படகு வருவது கேட்டே தீரும், இறந்தவர் கவனக்குறைவாக இருந்திருக்கிறார். எழுதிக்கொண்டார்கள். கோப்பை மூடினார்கள்.

நான் கித்தேரி கொரேரா, தூத்துக்குடி. துறைமுகத்தில் கூடையில் நண்டு விற்றுத் தொடங்கியவள். இப்போது ஐஸ் கம்பெனியும் ஏற்றுமதி உரிமமும் இருக்கிறது. மேல்முறையீடு என்று அலைவதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. எனக்குத் தெரிந்தது சரக்கு இறக்குவது. இறக்கியிருக்கிறேன்.

நிலவரம்: கூடு ஒரு பேருந்து அளவு. முன்பு யாரோ முத்துச்சிப்பி ஆராய்ச்சி செய்துவிட்டுப் போட்டுப்போனது. நான் எடுத்துப் பழுது பார்த்தேன். வெளியே சட்டத்தில் ஆறு தொட்டி, ஒழுகல் இல்லை. காற்று பம்ப் ஓடுகிறது. தண்ணீருக்குள் சத்தம் பிடிக்கிற கடல் மைக் வேலை செய்கிறது. மேல் மூடி இறுக்கம். மேலே கூட்டோடு கம்பியில் கட்டிய மிதவை, அதற்குப் பக்கத்தில் என் படகு. ஓட்டுவது கஸ்பார். தஸ்நேவிஸ் மூழ்கப் போகும்போது அவனுக்குப் படகு ஓட்டியவன்.

இதைப் பின்னால் எடுத்து வாசிக்கிறவர் வரிசையாக வாசிக்கவும். நடுவில் புரட்டிவிட்டு என்னைப் பைத்தியம் என்று சொல்லக் கூடாது.


பதிவு 2
4 மார்ச், காலை 9.30

சரக்கு என்ன என்று எழுத வேண்டும்.

சிப்பிக் குஞ்சுக்குக் காது கிடையாது. ஆனால் அதிர்வு தெரியும். முட்டையிலிருந்து வந்த புதிதில் கண்ணுக்குத் தெரியாத தூசி மாதிரி நீரோட்டத்தில் மிதந்து போகும். எங்கே ஒட்டிக் குடியிருப்பது என்று தேடும்போது பாறைத் திட்டின் இரைச்சலை வைத்துத்தான் இடம் பிடிக்கும். கீழக்கரை நெய்னா இதை வைத்துத் தொழில் செய்கிறவன். தொட்டியில் ஒரு சத்தத்தை இரவு பகலாக ஓடவிட்டுக் குஞ்சு வளர்ப்பான். குஞ்சு அந்தச் சத்தத்தைச் சொந்த வீடு என்று நினைத்துக்கொள்ளும். கடலில் விட்டால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே போய் ஒட்டும். அவன் உண்டாக்கிய ரகம் வேகமாகப் பெரிதாகும். ஒரு வாரத்தில் விரல் நகம், இரண்டு வாரத்தில் கைமுட்டி. ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறும். செத்துப்போன பவளத்திட்டுகளை மறுபடி எழுப்புவதற்காக அவன் கண்டுபிடித்தது.

நான் காத்தாடி இரைச்சலைப் பதிவு செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். இதில் வளர்த்துக் கொடு என்றேன். எதற்கு என்று நெய்னா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சட்டப்படி என்னிடம் சிப்பி வளர்ப்பு உரிமம் இருக்கிறது. எத்தனை குஞ்சு விடலாம் என்பதற்கு வரம்பு போட்டிருக்கிறார்கள். அந்த வரம்புக்குள்தான் விடுகிறேன். சிப்பி எங்கே போய் ஒட்ட வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நீரோட்டத்தை எங்கள் ஆட்கள் நீவாடு என்பார்கள். நீவாடு நின்று திரும்புகிற நேரத்தில் திறந்தால்தான் குஞ்சு சிதறாமல் காத்தாடி வரிசைக்குப் போகும். அதற்கு ஆள் அடியில் இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்திருக்கலாம். இந்த வேலைக்கு வைக்க மனசு வரவில்லை.

கஸ்பார் ரேடியோவில்: "எக்கா, தண்ணி நிக்குது. இப்பம் திரும்பிரும். தொறந்து விடுங்க."

"ஏல, நல்லாப் பாத்துச் சொல்லு. தெக்க போயிட்டுன்னா இலங்கைக்காரனுக்குச் சிப்பி இனாம்."

"அவனும் திங்கட்டுங்க்கா. தொறங்க."

முதலில் ஆறாவது தொட்டியைத் திறந்தேன். மற்றதை விடச் சிறியது, கைப்பழக்கத்துக்கு ஆகட்டும் என்று. பிறகு ஒன்றும் இரண்டும். விளக்கு வெளிச்சத்தில் பால் கரைந்த மாதிரி ஒரு மேகம் போயிற்று. நல்ல சரக்கு.


பதிவு 3
10 மார்ச், மதியம் 12.15

கடல் மைக்கில் வித்தியாசம் தெரிகிறது. காத்தாடி ஓடும்போது எப்போதும் ஒரே சுருதியில் உறுமும். பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ முனகுகிற மாதிரி. இன்று சுருதி இறங்கியிருக்கிறது. இடையில் திக்குகிறது.

கஸ்பார்: "எக்கா! பதினேழாம் நம்பர் காத்தாடியப் பழுது பாக்க மேல தூக்கிருக்கானுவ. தாடி மொளைச்சிருக்குக்கா. பாதிரியார் தாடி கணக்கா!"

"எவ்ளோ கனம்?"

"மூணு பேரு கடப்பாரைய வச்சு நெம்புதானுவ. ஒருத்தன் சிப்பிய ஒடச்சு வாயில போட்டுட்டான். மேஸ்திரி ஏசுதாரு."

கொஞ்ச நேரத்தில் நிறுவனம் கூப்பிட்டது: "ஆழிச்சக்தி கட்டுப்பாட்டு அறை பேசுகிறது. கடலடிக் கூட்டில் இருப்பவர் யார்? உங்கள் பணியின் தன்மை என்ன?"

"சிப்பி வளக்குறேன்."

"உரிமம் இருக்கிறதா?"

"வாசிச்சுக் காட்டவா? முன்பக்கம் போதுமா, பின்பக்கமும் வேணுமா?"

வைத்துவிட்டார்கள். மாலையில் மூன்றாவது தொட்டியைத் திறந்தேன். கொண்டு வந்திருந்த மக்ரூன் டப்பாவையும் திறந்தேன். ஈரத்தில் நமத்துப்போயிருந்தது. ஆனாலும் ருசித்துத் தின்றேன். தம்பி போன பிறகு இனிப்பு வாயில் வைத்தது இன்றைக்குத்தான்.


பதிவு 4
13 மார்ச், காலை 10.40

எட்டுக் காத்தாடி நின்றுவிட்டது. இன்று சத்தியசீலன் தானே பேசினார். விசாரணையில் கேட்ட அதே குரல். அன்றைக்கு என் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காத குரல்.

"மேடம், உங்க சிப்பி எங்க சுழலிகள்ல வந்து ஏறுது."

"கவனக்குறைவா இருக்கும் சார். சிப்பிக்கு."

அந்த வார்த்தையில் என்னை யார் என்று புரிந்துகொண்டார். பிறகு: "உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இது நாசவேலை."

"நாசவேலைன்னா வரம்பு மீறணும்ல? நான் வரம்புக்குள்ள இருக்கேன். அந்த வார்த்தைய உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்."

"இத எப்படி நிறுத்துறது?"

"ரொம்பச் சுளுவு சார். அதுங்க இரைச்சலக் கேட்டு வருது. இரைச்சல நிறுத்துங்க, வராது."

"எங்க சுழலிகள்ல அந்த அளவுக்கு இரைச்சல் இல்ல, மேடம்."

"அப்ப சிப்பியும் வந்திருக்காது சார். நல்லாப் பாருங்க. தாடியா இருக்கும்."

இணைப்பை அவர்தான் துண்டித்தார். மேலே கஸ்பார் சிரிக்கிற சத்தம் ரேடியோவில் ரொம்ப நேரம் கேட்டது. வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

கவனித்த விஷயம்: நின்றுபோன காத்தாடிக்குப் புதுக் குஞ்சு போவதில்லை. ஓடுகிறதைத் தேடிப் போகிறது. எது அதிகம் கத்துகிறதோ அதற்கு அதிகம். இதைவிட நியாயமான தண்டனையை எந்த நீதிபதியும் எழுத முடியாது.


பதிவு 5
16 மார்ச், காலை 8.05

கூட்டின் ஜன்னல் கண்ணாடி இருட்டாக இருக்கிறது. விளக்கு பழுது என்று நினைத்தேன். இல்லை. வெளியே கண்ணாடியின் மேல் சிப்பி. சின்னச் சின்ன வாய்கள் திறந்து மூடுகின்றன. என்னைப் பார்த்து எதையோ மெல்லுகிற மாதிரி.

காற்று பம்ப் சூடாகிறது. பம்பைக் குளிர்விக்கக் கடல்தண்ணீர் உள்ளே வரும் குழாயில் பாதி அடைத்திருக்கிறது.

நெய்னாவைக் கூப்பிட்டேன்.

"நெய்னா, என் கூட்டுல சிப்பி ஏறுது. என்ன சரக்கு வித்த?"

"சொன்னதத்தான் வித்தேன் அக்கா. அஞ்சு தொட்டியும் காத்தாடிச் சத்தத்துல வளந்தது. அல்லாஹ் மேல ஆணை."

"ஆறு தொட்டி இருக்குல்ல."

"ஆறாவது நான் விக்கல. நீங்க கொசுறு கேட்டீங்க. குஞ்சு வாங்குறதுக்கு யாராச்சும் கொசுறு கேப்பாங்களா, இது என்ன கத்தரிக்காயான்னு கேட்டேன். கொசுறு வைக்காம எந்திரிக்க மாட்டேன்னு நாற்காலியப் போட்டு உக்காந்துட்டீங்க. ஓரமாக் கெடந்த தொட்டியத் தூக்கிக் குடுத்தேன்."

"அது எந்தச் சத்தத்துல வளந்துச்சு?"

பேச்சை மாற்றப் பார்த்தான். மறுபடி கேட்டேன்.

"பம்ப் ரூம் ஓரமா கெடந்துச்சு, அக்கா."

இங்கே என் முதுகுக்குப் பின்னால் ஓடுகிற பம்ப், அந்த அறையிலிருந்து வந்ததுதான். குஞ்சு பேசி முடித்த கையோடு, இதையும் சேர்த்துப் போட்டுக் கொடு என்று நான்தான் அவனை நச்சரித்துப் பிடுங்கி வந்தேன். அந்தக் குஞ்சுகளுக்கு இதுதான் சொந்த வீடு. காத்தாடி வரிசைக்குப் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்து, திரும்பி வந்துவிட்டன.

இத்தனை வருஷ வியாபாரத்தில் கொசுறு வாங்காமல் நான் ஒரு கடையை விட்டும் இறங்கியதில்லை.


பதிவு 6
17 மார்ச், மாலை 4.20

பம்பை நிறுத்திப் பார்த்தேன். நிறுத்தினால் புதிதாக வராது, சரி. ஆனால் நிறுத்தினால் காற்றும் வராது. தலை கனக்கத் தொடங்கியதும் மறுபடி போட்டேன். இரைச்சலை நிறுத்துங்கள், வராது என்று சத்தியசீலனுக்குச் சொன்னேனே, அந்த யோசனை எனக்கு உதவவில்லை. என் இரைச்சலில் என் உயிர் ஓடுகிறது.

மேல் மூடி திறக்கவில்லை. கைப்பிடியில் என் முழுக் கனத்தையும் தொங்கவிட்டேன். நகரவில்லை. கீல் முழுக்கச் சிப்பி கட்டியிருக்க வேண்டும். கஸ்பார் மேலிருந்து கொக்கியை இறக்கி மூடியில் மாட்டி இழுத்தான். சிப்பி விளிம்பில் உரசி வடம் அறுந்தது. மறுபடி இழுத்தான். மறுபடி அறுந்தது.

கடலோரக் காவலுக்குச் சொல்லியாயிற்று. மூடியை அறுக்கிற கருவி கொச்சியிலிருந்து வர வேண்டும். வந்து சேர நாளை மறுநாள் ஆகும் என்றார்கள். பம்பும் காற்றும் அதுவரை தாங்காது. அந்தக் கருவி பக்கத்தில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஆழிச்சக்தியின் பழுதுபார்ப்புக் கப்பலில்.

கஸ்பார்: "எக்கா, நானே கடப்பாரையக் கெட்டிக்கிட்டு எறங்குதேன்."

"எறங்கினா செவுட்டுலயே வைப்பேன். உனக்கு முழங்கால் தண்ணியிலயே மூச்சு வாங்கும். கெட மேலயே."

"அப்பம் அவங்கிட்ட கேக்கவா?"

"நான் கேட்டுக்கிடுதேன்."

பம்புக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓய்வு கொடுக்கிறேன். கரியமில வாயு முள் மஞ்சளில் நிற்கிறது.


பதிவு 7
18 மார்ச், காலை 7.00

நான் கேட்கவில்லை. அவரே கூப்பிட்டார். கடலோரக் காவல் அவருக்கும் தகவல் சொல்லியிருக்கிறது.

"மேடம், கப்பல் கிளம்பத் தயாரா இருக்கு. மனிதாபிமான அடிப்படையில."

"அந்த அடிப்படைக்கு என்ன விலை சார்?"

"மீதி ரெண்டு தொட்டியத் திறக்கக் கூடாது. உரிமத்த ஒப்படைக்கணும். நடந்தத வெளிய பேசக் கூடாது."

வியாபாரத்தில் ஒன்று தெரியும். எதிராளி முதலில் கேட்பதில் அவனுக்கு எது வலிக்கிறது என்பது இருக்கும். அவர் முதலில் சொன்னது தொட்டி. நான்காவதும் ஐந்தாவதும் நிறையக் குஞ்சோடு நிற்கின்றன. இன்று மாலை நீவாடு திரும்பும்போது தானாகத் திறக்கும்படி கடிகாரம் வைத்துவிட்டேன். நிறுத்துகிற விசை மிதவையில் இருக்கிறது, மேலே. அதன் எண் என் தலைக்குள் இருக்கிறது. நான் மேலே போய்ச் சேர்ந்தால்தான் நிற்கும். அவரிடம் சொன்னேன்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரு வரி சார். எல்லாப் படகும் கேக்குற பொது அலைவரிசையில. காத்தாடி ஓடும்போது, தண்ணிக்குள்ள இருக்கிறவனுக்குப் படகு வர்றது கேக்காது. இத நீங்க சொல்லணும். சொல்லிட்டுக் காத்தாடிய நிறுத்துங்க. உங்க ஆளுங்க எறங்கட்டும், என்ன எடுக்கட்டும். தொட்டிய நானே மூடுறேன். உரிமத்த நீங்களே வச்சுக்கிடுங்க."

"நிறுத்துறது கூட யோசிக்கலாம்..."

"என்ன காரணம்னு எழுதுவீங்க?"

"அந்த வரிய நான் சொல்ல முடியாது மேடம். இதே மாதிரி ஏழு ஜலசந்தில எங்க சுழலிகள் ஓடுது. அந்த ஒரு வரி எங்களுக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் யாரிடமோ பேசிவிட்டு வருவதாகச் சொன்னார். முள் சிவப்பின் ஓரத்தில். கொட்டாவியாக வருகிறது. தம்பிக்குக் கடைசியில் இப்படி மூச்சு முட்டியிருக்காது. ஒரே அடி என்றார்கள். அதுவரைக்கும் நல்லது.


பதிவு 8
18, காலை 9.50

கப்பல் வந்துவிட்டது, சத்தியசீலனும் அதில் வந்திருக்கிறார். காத்தாடியை நிறுத்தாமலே மூழ்குகிற ஆட்களை இறக்குவதாக முடிவாம். அவசரத்தில் பொது அலைவரிசையை விட்டு மாற மறந்துவிட்டார்கள். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை தொழிலுக்குப் போன படகெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியே எழுதுகிறேன்.

கப்பலில் ஒருவன்: "சார், நாங்க எறங்க மாட்டோம்."

சத்தியசீலன்: "ஏன்யா? கயிறு இருக்கு, சிலிண்டர் இருக்கு."

"காத்தாடி ஓடுதுல்ல சார். தலைக்கு மேல என்ன வருதுன்னு ஒண்ணும் கேக்காது. நிறுத்துங்க, இந்த நிமிஷமே குதிக்கேன்."

"வரம்புக்குள்ளதான் இருக்கு! எத்தன தடவ சொல்றது?"

"அப்பம் நீங்க எறங்குங்க சார்."

எங்கோ ஒரு படகிலிருந்து: "எறங்குங்க சார்! தண்ணி ஜிலுஜிலுன்னு கெடக்கு!" இன்னொருத்தன் விசிலடித்தான். யாரோ: "காது நல்லாக் கேக்குற ஆளு வேணுமாம்ல. இயக்குநரு சார விட்டா யாரு இருக்கா?"

நண்டு ஏலத்தில் ஒரு நொடி வரும். கேட்டவன் பின்வாங்கவும் முடியாது, மேலே கேட்கவும் முடியாது. அந்த நொடியில் சுத்தியலைப் போட வேண்டும். போட்டேன்.

"சார், கித்தேரி பேசுறேன். ரெண்டாவது விலை ஒண்ணு வச்சிருக்கேன். அந்த வரியச் சொல்ல வேண்டாம். காத்தாடிய நிறுத்தவும் வேண்டாம். நீங்க எறங்கி வந்து மூடிய அறுங்க. நீங்க கடற்படையில முங்கினவர்னு விசாரணையில சொன்னீங்க. நீங்க எறங்குற நேரத்துல இருந்து என் படகு மேல ஓடும். அன்னைக்கு உங்க ரோந்துப் படகு போன பாதை, அதே வேகம். காதுல கருவி எதுவும் வேண்டாம், கேட்டுட்டு ஏறுங்க. கேக்கும்னு சத்தியம் பண்ணினவரு நீங்கதான்."

"நீங்களும்தானே மேடம் என்கூட ஏறி வரணும்?"

"ஆமா சார். சேந்தே ஏறுவோம். எனக்குக் கேக்காது, அது எனக்குத் தெரியும். உங்களுக்குக் கேக்கும். எப்ப ஏறலாம்னு நீங்க சொல்லுங்க."

கடல் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அதாவது ரேடியோவில். கடலுக்குள் காத்தாடி உறுமிக்கொண்டேதான் இருந்தது.

"சரி" என்றார். "நான் இறங்குறேன்."

அந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன். அதைவிட இது அவருக்கு மலிவாகப் பட்டிருக்கிறது.


பதிவு 9
காலை 10.25 இருக்கும்

கஸ்பாரைத் தனி இணைப்பில் கூப்பிட்டேன்.

"எக்கா, நான் மேல என்ன செய்யணும்?"

"ஓட்டு."

"அவன் தலை தெரிஞ்சா?"

"அன்னைக்கு ரோந்துப் படகுல இருந்தவனுக்குத் தலை தெரிஞ்சுதா? வேகத்தக் கூட்டாத. கொறைக்காத. நேரா ஓட்டு, போயித் திரும்பு, மறுபடி ஓட்டு."

"எக்கா, நீங்களும் ஏறுவீங்களே!"

"ஏறுவேன்."

"எக்கா..."

"ஏல, அழாத. ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் பிடி."

"சரிக்கா" என்றான்.

பம்ப் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. தானாக. விசையைத் தட்டிப் பார்த்தேன், ஓடவில்லை. காத்தாடி சுவருக்குள் வந்துவிட்ட மாதிரி கேட்கிறது.

அவசரக் காற்றுக்குப்பியை மாட்டியிருக்கிறேன். குழாயை இன்னும் வாயில் வைக்கவில்லை. மூடி அறுபட்டதும் தண்ணீர் உள்ளே வரும், நிரம்பட்டும், பிறகு வெளியே. பதிவை ரப்பர் போட்ட பெட்டியில் வைத்து மூடுவேன். கையெழுத்து கோணுகிறது. கோபத்தால் இல்லை, காற்றுக் குறைவால். கோபம் நேராகத்தான் இருக்கிறது.


பதிவு 10
மணி பார்க்கவில்லை

தட்டுகிறார். மூடியில்.

மூன்று தட்டு. நானும் தட்டினேன். கருவி அறுக்கத் தொடங்கிவிட்டது. சிப்பி உடைகிற சத்தம், எலும்பை மெல்லுகிற மாதிரி.

கஸ்பார் படகு எங்கே என்று மைக்கில் தேடினேன். வடக்கே தேடினேன். தெற்கே. நேர் மேலே. அவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான், எனக்குத் தெரியும், இப்போதுதான் ரேடியோவில் சொன்னான், கூட்டுக்கு நேர் மேலே போறேங்க்கா என்று. மைக்கில் காத்தாடி. காத்தாடி மட்டும். மைக்குக்கே கேட்கவில்லை.

அவருக்கும் இப்போது கேட்டிருக்காது. கேட்காது என்று அவருக்கே தெரிந்திருக்கும். அறுப்பதை ஒரு தடவை நிறுத்தினார். நிமிர்ந்து பார்க்கிறாரோ. மறுபடி அறுக்கிறார். கீழே வந்தாயிற்று, இனிமேல் திருப்பிக் கொடுக்கிற சரக்கு இல்லை இது.

தண்ணீர் சொட்டுகிறது. பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன். இரண்டு பேரும் பொது அலைவரிசையில் ஒத்துக்கொண்டது, கடல் முழுக்கச் சாட்சி.

காத்தாடி ஒன்றுகூட நிறுத்தப்படாது. கஸ்பாரின் படகு அதே பாதையில் அதே வேகத்தில் ஓடும். அவர் காதில் கருவி எதுவும் இருக்கக் கூடாது. நாங்கள் உயிரோடு மேலே போனால் தொட்டி மூடப்படும், உரிமம் அவருக்கு. போகாவிட்டால் மாலையில் தொட்டி திறக்கும். கையை அழுத்தி ஏறலாம் என்று சொல்வது சத்தியசீலன், நான் இல்லை. அவர் சொல்லும் வரை அவருடைய மணிக்கட்டை நான் பிடித்திருப்பேன். சொன்ன பிறகும் விட மாட்டேன், படகு யார் தலையில் ஏறினாலும் சரி.